பழைய வண்டிக்குச் சிப் மாற்றுவதற்கு முன்: நம் வெயிலும் நம் பெட்ரோலும்

“அண்ணே, சிப் போட்டா எவ்வளவு பவர் ஏறும்?” பழைய ஆக்டேவியா, பாலியோ, ஹோண்டா சிட்டி என்று ஆசைப்பட்டு வாங்கிய தம்பிகள் காரைக்குடிப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். சிப் என்பது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்கான கணக்குகள் எழுதப்பட்ட துண்டு. ஆசையில் தப்பில்லை. நன்றாக ஓடுகிற பழைய வண்டியை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைக்க வேண்டும் என்பது எனக்கும் பிடித்த ஆசைதான். ஆனால் எவ்வளவு ஏறும் என்று கேட்பதற்கு முன்னால், அந்தச் சிப்பில் இருப்பதை எந்த ஊர் வெயிலுக்கு, எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். செட்டிநாட்டில் வண்டி வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. ஏன் என்று புரிய வேண்டுமானால் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அம்பாசிடர், பத்மினி காலத்தில் பெட்ரோலை அளந்து கொடுத்தது கார்ப்பரேட்டர். எந்த நேரத்தில் பொறி விழ வேண்டும் என்பதைப் பார்த்துக்கொண்டது டிஸ்ட்ரிபியூட்டர். ஜெட் மாற்றுவது, பாயிண்ட் கேப் பார்ப்பது, டைமிங் திருகுவது என்று மெக்கானிக் கையாலேயே டியூன் செய்தார். இந்த இரண்டு வேலையையும் ஒரே மின்னணுப் பெட்டியிடம் ஒப்படைத்தது போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக். அது 1979-இல் பிஎம்டபிள்யூ 732ஐ வண்டியில் வந்தது. நம் நாட்டில் புகை விதிகள் இறுகிய பிறகு, 2000-ஐ ஒட்டித்தான் எம்பிஎஃப்ஐ வண்டிகள், அதாவது கார்ப்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகள், ஊரெங்கும் பரவின. அதோடு டியூனிங் வேலை ஸ்குரூ டிரைவரிலிருந்து லேப்டாப்புக்குப் போய்விட்டது.

இஞ்சின் கம்ப்யூட்டரை நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் இசிஎம் என்பார்கள். அது எடுக்கும் முடிவுகளில் முக்கியமானவை இரண்டு. இன்ஜெக்டரை எத்தனை மில்லி நொடி திறந்து வைப்பது, பிளக்கில் எந்த நேரத்தில் பொறி விடுவது. இதற்காகப் பல சென்சார்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது: கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே எவ்வளவு காற்று வருகிறது, காற்றின் சூடு என்ன, கூலன்ட் சூடு என்ன, ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, சைலன்சர் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா.

பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், பவர் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பொறி பட்டவுடன் முழுவதுமாக எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சில மில்லி நொடிகள் ஆகும். 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லி நொடி எடுக்கும். 6000-இல் 10 மில்லி நொடிதான். அதனால் வேகம் கூடக் கூட, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்னாலேயே பொறி விட வேண்டியிருக்கிறது. ஐடிலில் கிராங்க் சுற்றில் 10 டிகிரி முன்னால் என்றால், வேகமாக ஓடும்போது 30 டிகிரி வரை போகும். சரியான நேரத்தில் விட்டால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கிய நொடியில் முழு அழுத்தமும் அதன் தலையில் விழும். அப்போதுதான் அந்தப் பெட்ரோலுக்குக் கிடைக்க வேண்டிய பலன் முழுதாகக் கிடைக்கிறது.

எந்த வேகத்தில், எவ்வளவு லோடில் (உள்ளே போகும் காற்று எவ்வளவு என்பதில்), எத்தனை டிகிரி என்பதை இசிஎம் ஒரு கட்ட அட்டவணையில் பார்த்துக்கொள்கிறது. இதற்குத்தான் மேப் என்று பெயர். 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பொறிக்கு ஒரு மேப், பெட்ரோலுக்கு ஒரு மேப், காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் டர்போ இருந்தால் அதன் அழுத்தத்துக்கு இன்னொன்று. எத்தனை ஆர்பிஎம்மில் இஞ்சினை வெட்டுவது, ரேடியேட்டர் ஃபேனை எந்தச் சூட்டில் போடுவது போன்ற எண்களும் பல வண்டிகளில் அங்கேயே இருக்கும்.

1980, 90-களின் வண்டியாக இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, அலுமினியப் பெட்டியின் நான்கு திருகைக் கழற்றினால் பச்சைப் போர்டில் 28 கால்களோடு ஒரு நீளமான கறுப்புச் சிப் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கருக்கு அடியில் சின்ன வட்டக் கண்ணாடி ஜன்னல். புற ஊதா விளக்கை அந்த ஜன்னலில் காட்டினால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும். வெளிச்சம் படாமல் இருக்கத்தான் ஸ்டிக்கர், அதைப் பிய்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 27சி256 வகைச் சிப்பின் கொள்ளளவு 32 கிலோபைட். இன்றைக்கு வாட்சப்பில் வரும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது. அந்த 32 கிலோபைட்டுக்குள்தான் ஒரு பிஎம்டபிள்யூ 325ஐ இஞ்சினின் முழு நடத்தையும் அடங்கியிருக்கிறது. சிப்பின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும். புதிய சிப்பை மாட்டும்போது அந்த வெட்டு, சாக்கெட்டில் உள்ள வெட்டோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டுச் சாவியைத் திருகினால் சிப் கருகிவிடும்.

இருக்கிற பவரை எதற்காக விட்டு வைத்தார்கள்

கம்பெனிக்காரர்கள் அந்த எண்களை எல்லா ஊருக்கும் பொதுவாக எழுதுகிறார்கள். கலப்படப் பெட்ரோல் ஊற்றுபவர், ஏர் ஃபில்டரை வருடக்கணக்கில் மாற்றாதவர், லடாக்கில் ஓட்டுபவர், ராமநாதபுரத்தில் ஓட்டுபவர் என எல்லோரிடமும் அந்த இஞ்சின் பிழைக்க வேண்டும். புகை விதிக்கும் கட்டுப்பட வேண்டும். ஆகவே பொறி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கி வைத்திருப்பார்கள். சிப் மாற்றுவது என்றால் அந்தப் பாதுகாப்பு இடைவெளியில் ஒரு பகுதியை எடுத்துப் பவராக மாற்றுவது. முழுவதையும் எடுத்துவிட்டால், ஒரு நாள் மோசமான பெட்ரோல் விழுந்தாலும் இஞ்சினுக்கு ஒதுங்க இடம் இருக்காது.

டர்போ இல்லாத இஞ்சினில் இந்த இடைவெளி சின்னது. சிலிண்டருக்குள் போகும் காற்றைச் சிப்பால் கூட்ட முடியாது. 100 குதிரைத்திறன் உள்ள ஒரு பாலியோ 1.6-இல் ஐந்து குதிரைத்திறன் கூடினாலே நல்ல வேலை. மிதித்தவுடன் தயக்கம் குறையும், இழுவை கொஞ்சம் சீராகும். அதற்கு மேல் விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

டர்போ வண்டியின் கதை வேறு. அங்கே காற்றையே கூடுதலாக அமுக்கி அனுப்பச் சொல்லலாம். இந்தியாவுக்கு 2004-இல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இதற்கு நல்ல உதாரணம். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். இதே இஞ்சின் குடும்பத்தை ஐரோப்பிய ஆர்எஸ்ஸில் 180-க்கு விற்றார்கள். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு ஒழுங்காக எழுதிய மேப் போட்டால் 180-ஐத் தொடுவது சாதாரணம். அதற்கு மேல் போனால் சின்ன டர்போ மூச்சு வாங்கும், பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

நாக்கிங்

இடைவெளியைத் தாண்டினால் என்ன ஆகும்? பொறியிலிருந்து தீ பரவி வருவதற்குள், மூலையில் மிச்சம் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். மேட்டில் நான்காவது கியரில் மிதிக்கும்போது, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். லேசாக எப்போதாவது வந்தால் தாங்கும். தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ஓரம் அரிக்கும், ரிங் இடையிலுள்ள மேடு உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். 2000-க்குப் பிந்தைய நல்ல வண்டிகள் பலவற்றில் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் திருகியிருக்கும். அது இந்த அதிர்வைக் கேட்டவுடன் இசிஎம் பொறியைப் பின்வாங்கும். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. சென்சார் இல்லாத வண்டிக்குச் சிப் எழுதுபவர் கூடுதல் நிதானத்தோடு எழுத வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் கடைசிச் சொட்டுப் பவருக்காக இழுத்துப் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

நாக்கிங்கைத் தூண்டுபவை சூடு, அழுத்தம், ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் திறன்) குறைந்த பெட்ரோல். இந்த மூன்றையும் நம் ஊரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் தொடாத கட்டங்கள்

நம் பக்கத்துக்காரர்கள் வண்டியை டியூன் செய்யப் பெரும்பாலும் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று போகிறார்கள். நல்ல ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இஞ்சினை அங்கே முழுதாக மிதித்தாலும், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு குழாயில் அழுத்தம் 91 கிலோபாஸ்கலுக்கு மேல் ஏறாது. காரைக்குடி நூறு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. இங்கே அதே வண்டியை மிதித்தால் 100 கிலோபாஸ்கல் வரும்.

இதற்கு என்ன அர்த்தம்? மேப்பின் கடைசிப் பத்தி, அதாவது லோடு அதிகமான கட்டங்கள், பெங்களூரில் ஓட்டிப் பார்க்கும்போது தொடப்படவே இல்லை. அந்த எண்கள் ஊகத்தில் போட்டவை. அங்கே டைனோவில் (வண்டியை நிற்க வைத்தே ஓட்டிப் பவர் அளக்கும் கருவியில்) அருமையாக ஓடிய வண்டியை இங்கே கொண்டுவந்து, மே மாத மத்தியானம், ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏற்றித் திருமயம் ரோட்டில் மிதித்தால், யாரும் சரிபார்க்காத கட்டத்தில் இஞ்சின் ஓடுகிறது. அதுவும் காற்று சூடாக இருக்கும் நேரத்தில். பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பத்து நிமிடம் நின்ற வண்டியின் பானெட்டுக்கு அடியில் காற்று 60 டிகிரியைத் தொட்டுவிடும்.

ஆகவே சிப் எழுதுபவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: வண்டி ஓடப்போவது சமவெளியில், கடும் வெயிலில், லோடு அதிகமான கட்டங்களில் பொறி நேரத்தை இரண்டு டிகிரி குறைத்து வையுங்கள். தொழில் தெரிந்தவர் மறு பேச்சில்லாமல் செய்வார். ஏன் தேவை என்று வாதாடுபவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஃபேன் ஓடத் தொடங்கும் சூட்டைச் சில டிகிரி குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். குதிரைத்திறன் ஒன்றுகூட ஏறாத மாற்றம் இது. ஆனால் செட்டிநாட்டுக் கோடைக்கு இதைவிடப் பயனுள்ளது குறைவு.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் சிப்புகளுக்கும் இதே கதைதான். ஐரோப்பாவுக்கு எழுதியது என்றால் பெரும்பாலும் 98 ஆக்டேன் பெட்ரோலையும் குளிர்ந்த காற்றையும் மனதில் வைத்து எழுதியது. அதை அப்படியே மாட்டினால் நம் வெயிலில் புளியங்கொட்டைச் சத்தம்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. பழைய வண்டிக்குச் சிப் மாற்ற இன்றைக்கு உண்மையான காரணம் எது என்று என்னைக் கேட்டால், பவரைவிட இதைத்தான் சொல்வேன்.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு கலந்தால் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது விழுக்காடு கூடுதலாக எரிபொருள் விட வேண்டும். சீராக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துவிடும், இசிஎம் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கும். ஆனால் முழுதாக மிதிக்கும்போது பழைய வண்டிகள் அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை, அட்டவணையை மட்டும் நம்பி விடுகின்றன. அட்டவணையோ சுத்தப் பெட்ரோலுக்கு எழுதியது. ஆக, இஞ்சினுக்கு எரிபொருள் அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவாகப் போகிறது. நல்ல மேப் எழுதுபவர் இந்தக் குறையை நிரப்பித் தருவார். வண்டி மறுபடி பழையபடி இழுப்பதற்குப் பல நேரம் இதுவே போதும்.

எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு, ஆக்டேன் கூடும். இ20 பெட்ரோலுக்குத் தர நிர்ணயப்படி ஆக்டேன் குறைந்தது 95. பழைய 88, 91 காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். பொறி நேரத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவர இடம் கிடைக்கிறது. 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், ஊரில் தினமும் ஊற்றப்போவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை மதுரை போகும்போது மட்டும் கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதினால், மிச்ச ஆறு நாளும் இஞ்சினுக்குப் பொருந்தாத மேப்தான்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வண்டி கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ கொட்டகையில் நிற்கும். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கோயில் திருவிழா என்று வரும்போது மட்டும் எடுப்பார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கவும் வாய்ப்புண்டு. பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலில் இறுகிப் போகும் அல்லது ஊறிப் போகும். இப்படி நின்ற வண்டிக்குச் சிப் வாங்குவதற்கு முன்னால், பெட்ரோல் குழாய்களை மாற்றி, டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்குத் தனிச் சிப் கிடையாது.

எந்த வகை

கழற்றி மாட்டும் சிப், சாக்கெட் உள்ள பழைய பெட்டிகளுக்கு. எளிது, மலிவு, பிடிக்கவில்லை என்றால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். பழைய வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

2000-க்குப் பிந்தைய ஆக்டேவியா போன்றவற்றில் மேப்பை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஸ்கேனர் சாக்கெட் வழியாகவே எழுதலாம். இதைத்தான் ரீமேப் என்கிறார்கள். எழுதும் நிமிடங்களில் பேட்டரி வோல்ட் இறங்கக் கூடாது, பாதியில் நின்றால் பெட்டி செத்துப்போகலாம். அதனால் பேட்டரியில் சார்ஜர் போட்டு, லேப்டாப்பிலும் முழுச் சார்ஜ் இருக்க வேண்டும். கரண்ட் போகிற ஊரில் இதைக் கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

பிக்கிபேக் பெட்டி என்பது சென்சாருக்கும் இசிஎம்முக்கும் நடுவே நின்று, சென்சார் சொல்வதைத் திரித்துச் சொல்வது. டர்போ டீசல் வண்டிகளில் இது ஓரளவு வேலை செய்யும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில், இசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளப் பார்க்கும், இரண்டும் இழுபறியில் நிற்கும். முழுப் பெட்டியையும் மாற்றிப் புது வயரிங்கோடு போடும் ஸ்டாண்ட்அலோன், ரேஸ் இஞ்சினுக்கானது. தொடங்குபவருக்கு வேண்டாம்.

இரண்டு பொருளை மட்டும் தொடவே கூடாது. ஒன்று, ஸ்கேனர் சாக்கெட்டில் செருகினால் பவர் ஏறும், மைலேஜ் கூடும் என்று ஆன்லைனில் விற்கும் சின்ன டப்பா. பலவற்றைத் திறந்தால் உள்ளே விளக்கைச் சிமிட்டும் சர்க்யூட் மட்டும்தான் இருக்கும். இன்னொன்று, காற்றுச் சூட்டைப் பார்க்கும் சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகுவது. அதைச் சிப் என்றே விற்கிறார்கள். உள்ளே வருவது குளிர்ந்த காற்று என்று இசிஎம்மை ஏமாற்றும் வேலை அது. வெயிலில் காற்று சூடாகும்போது பொறியைப் பின்வாங்கி இஞ்சினைக் காப்பாற்றுவது இதே சென்சார்தான். ஊட்டியில் தப்பிக்கலாம், சித்திரை மாதக் குன்றக்குடியில் அது இஞ்சினுக்குச் செய்யும் துரோகம்.

முதலில் உடம்பு சரியாக இருக்கட்டும்

நோயுள்ள இஞ்சினுக்குச் சிப் போட்டால் நோய்தான் வேகமாக முற்றும். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களின் அழுத்தத்துக்கிடையே பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பிளக், காயில், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சென்சார் லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

தெர்மோஸ்டாட்டைக் கட்டாயம் பாருங்கள். இஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு அது. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி வீசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கார்ப்பரேட்டர் வண்டியில் அது பெரிதாகத் தெரியாது. இசிஎம் உள்ள வண்டியிலோ, இஞ்சின் சரியான சூட்டுக்கு வராததால் இன்னும் குளிர்ந்த இஞ்சின் என்றே நினைத்துக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜும் பிக்அப்பும் போய்விட்டது, சிப் போட்டால் சரியாகுமா என்று கேட்டு வரும் வண்டியில், ஐம்பதாண்டுப் பழக்கத்தால் போன ஒரு தெர்மோஸ்டாட்தான் பிரச்சினையாக இருக்கும். கூலன்ட்டும் ரேடியேட்டரும் நன்றாக இருந்தால், தெர்மோஸ்டாட் இருப்பதால் வண்டி கொதிக்காது.

செம்மண் புழுதிக்கு ஒரு சொல். சிப்போடு சேர்த்து எண்ணெய் தடவும் காட்டன் ஏர் ஃபில்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எண்ணெய் கூடிவிட்டால் அது காற்றை அளக்கும் மெல்லிய கம்பியில் படியும், அதன்மேல் புழுதி ஒட்டும், அளவு தப்பும். கம்பெனிப் பேப்பர் ஃபில்டரை அடிக்கடி மாற்றினாலே போதும்.

பெட்டியைத் திறக்கும்போது போர்டையும் பாருங்கள். 1990-களின் சில ஜப்பானிய வண்டிகளில் கெப்பாசிட்டர் ஒழுகிப் போர்டையே அரித்திருக்கும். மீன் நாற்றம் அடித்தால் அதுதான். கெப்பாசிட்டரை மாற்றிய பிறகே சிப்.

ஆளிடம் கேட்க வேண்டியவை

பழைய மேப் ஃபைலின் நகலைக் கொடுப்பீர்களா? இல்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். எந்த ஆக்டேனுக்கு எழுதுகிறீர்கள், எத்தனாலைக் கணக்கில் எடுக்கிறீர்களா? சைலன்சரில் வைட்பேண்ட் சென்சார் வைத்துக் காற்று–பெட்ரோல் விகிதம் பார்ப்பீர்களா? மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில் ஓட்டிக் காட்டுவீர்களா? வெவ்வேறு நாள், வெவ்வேறு டைனோ எண்களை ஒப்பிட்டுக் காட்டும் தாளுக்கு மதிப்பில்லை.

மிதித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதிலும் கவனம் வேண்டும். மின்னணு ஆக்சிலரேட்டர் உள்ள வண்டியில் பெடலின் எண்ணை மட்டும் மாற்றி, கால்வாசி மிதித்தால் பாதி திறக்கும்படி செய்துவிடலாம். பவர் ஏறியதுபோலவே இருக்கும். முழுதாக மிதித்துப் பார்த்தால் பழைய வண்டியேதான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதை உறுதி செய்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் இழுத்தடிக்கும். 15 வருடம் தாண்டிய வண்டி ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் நிற்க வேண்டும், புகைச் சான்றிதழும் வேண்டும். ஆக்சிஜன் சென்சாரை அணைத்துவிட்டும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டும் தரும் மேப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு குதிரைத்திறனுக்காகத் தெருவில் நடப்பவர் மூச்சில் புகையை விடுவது நியாயமில்லை.

போட்ட பிறகு முதல் வாரம் ஒரு மலிவான புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் போனில் லாக் (ஓடும்போது சென்சார்கள் சொல்லும் எண்களின் பதிவு) எடுங்கள். எரிபொருள் திருத்தம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, மிதிக்கும்போது பொறி நேரம் திடீரென்று பின்வாங்குகிறதா என்று பார்க்கலாம். ஸ்கேனர் சாக்கெட் இல்லாத பழைய வண்டியானால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்துப் போயிருந்தாலோ, பீங்கானில் மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தாலோ உடனே பழைய சிப்பை மாட்டிவிட்டு எழுதியவரைக் கூப்பிடுங்கள். மார்கழிக் குளிரில் போட்ட மேப்பாக இருந்தால் சித்திரையில் ஒரு மத்தியானம் மறுபடியும் லாக் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். அந்த ஒரு திருத்தத்தையும் சேர்த்துத்தான் பணம் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.